இடது கை

வலது கன்னத்தில் பிளேடை வைக்கும்போதுதான் ஏசுவடியானுக்குக் கை கூசியது. இடது கன்னம் உயிருள்ள கன்னம். வலித்தால் சுளிக்கும், பிடிக்கவில்லை என்றால் விலகிக்கொள்ளும். வலது பக்கம் அப்படி இல்லை. வாதம் அடித்ததிலிருந்து அது யாரும் குடியிராத வீடு மாதிரிக் கிடந்தது. வெட்டினாலும் சொல்லாது. தோலை இரண்டு விரலால் மேலே இழுத்தால் ஈரத்துணி போலக் கூடவே வந்தது, விட்டால் இறங்க நேரம் எடுத்துக்கொண்டது. நுரைக்குள் வெள்ளை முடி எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. காதால்தான் சவரம் செய்ய வேண்டியிருந்தது. சரசரவென்று சத்தம் வந்தால் முடி இருக்கிறது, சத்தம் இல்லையென்றால் வெறும் தோல். குற்றாலிங்கம் தலையணைகளில் சாய்ந்தபடி மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தானா, கண் சும்மா அங்கே போய் நின்றதா, யாருக்குத் தெரியும். பேச்சு போய்விட்டது, நாம் பேசுவது எவ்வளவு உள்ளே போகிறது என்றும் இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். பாதி ஆயுசு ஒரே பஸ்ஸில் போனவர்கள் இரண்டு பேரும். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர், திருச்செந்தூரிலிருந்து திருநெல்வேலி. அவன் டிரைவர், இவர் கண்டக்டர். தலைக்குமேல் இருக்கிற கண்ணாடியில் அவன் கண் ஒரு தரம் ஏறி இறங்கினால் பின்படியில் எவனோ தொங்குகிறான் என்று இவருக்குத் தெரிந்துவிடும். அந்தக் கண்ணை இப்போது இவரால் படிக்க முடியவில்லை. "அங்கிள், சனிக்கிழமை சாயங்காலம் பாஸ்டர் வர்றாங்க. அவரை நல்லா ஷேவ் பண்ணி, முகத்தைச் சுத்தமாத் துடைச்சு வைங்க" என்று எப்சிபா சிஸ்டர் சொல்லியிருந்தாள். நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்த்து ஜெபிக்கிற குழுவுக்கு அவள்தான் தலைவி, இவரும் அந்தக் குழுவில் ஒருவர். சுத்தமா என்று சொல்லும்போது அவள் பார்வை குற்றாலிங்கத்தின் நெற்றியில் இருந்தது. நெற்றியில் திருநீறு. தினமும் காலையில் அவன் மனைவி கோமதி பூசிவிடுவாள். இன்றைக்கும் பூசியிருந்தாள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கனமாகவே.

போன சனிக்கிழமை நடந்ததை ஏசுவடியான் மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் அது ஒரே இடத்தில் போய் முட்டி நின்றது. பாஸ்டர், எப்சிபா, இவர், மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். கோமதி மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். பாஸ்டர் குனிந்து, நல்ல குரல் அவருக்கு, யாரையும் உட்கார வைத்துவிடுகிற குரல், குற்றாலிங்கத்தின் காதருகே கேட்டார்: "ஐயா, இயேசுவை உங்க சொந்த இரட்சகரா ஏத்துக்கிறீங்களா? வாயால சொல்ல முடியாட்டாலும் பரவாயில்ல. ஏத்துக்கிட்டா கையை உயர்த்துங்க." கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும். பிறகு அந்த இடது கை, மிச்சமிருக்கிற ஒரே நல்ல கை, மெத்தையை விட்டு எழுந்தது. முழங்கை மடங்கும் வரைக்கும் எழுந்து, ஆடிக்கொண்டே நின்றது. எப்சிபா அல்லேலூயா என்று போட்ட சத்தத்தில் தெருவில் நாய் குரைத்தது. பாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. குற்றாலிங்கத்தின் கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. வாதம் வந்தவர்களுக்குக் காரணமில்லாமல் கண்ணீர் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் அது யார் ஞாபகத்துக்கு வரும்? இவர் ஞாபகத்துக்கு வந்தது. இவரும் ஸ்தோத்திரம் என்றார், வாய் சொல்லிவிட்டது. ஆனால் இவர் கால் அதற்குள் கட்டிலுக்கு அடியில் யூரின் பாட்டிலைத் துழாவிக்கொண்டிருந்தது. ஏனென்றால் அந்தக் கை அதற்குத்தான் எழும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்தொட்டு அப்படித்தான். அவர்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதே இவர் போர்வையை விலக்கிப் பாட்டிலை வைத்தார். கழுத்துவரை நிறைந்தது. இளஞ்சூடான அந்தப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, வெளியே அவர்கள் கடையிலிருந்து திரும்பிய கோமதியிடம் சந்தோஷச் செய்தி சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்டார். மறுநாள் ஆராதனையில் பாஸ்டர் அறிவித்தார். சபை கைதட்டியது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த இவரும் தட்டினார். இன்றைக்கு மறுபடி வருகிறார்கள். சாட்சிகளை வைத்துக்கொண்டு இன்னொரு தடவை கேட்பார்கள். கை எழுந்தால் நாளைக்கு ஆராதனை முடிந்ததும் குற்றாலிங்கத்தை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்ச் சபைக் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிற சிமெண்டுத் தொட்டியில் முழுக்கி எடுப்பார்கள். கரண்டியால் தண்ணீர் கொடுத்தாலே புரையேறுகிறவனை.

தாடைக்குக் கீழே போனது பிளேடு. அங்கே தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது, ஒவ்வொரு மடிப்பாக விரித்து எடுக்க வேண்டியிருந்தது. ஏசுவடியான் தன் மேல் பட்ட தண்ணீரையெல்லாம் எண்ணிப் பார்த்தார். கைக்குழந்தையாக இருக்கும்போது அப்பா போகிற வேதக்கோயிலில் நெற்றியில் தெளித்தார்கள். அது ஞானஸ்நானம். விவரம் தெரிந்த வயதில் பிஷப் வந்து தலையில் கைவைத்துத் திடப்படுத்தினார். அப்போதே எல்லாம் முடிந்துவிட்டது, பரலோகத்தில் இடம் போட்டாயிற்று என்றுதான் நம்பினார். பிறகு ஒருநாள் சாயங்காலக் கூட்டத்தில், பெயிண்ட் டப்பா மேல் ஏறி நின்று பிரசங்கம் செய்த ஒருவர், தெளித்ததெல்லாம் செல்லாது, முழுகினால்தான் இரட்சிப்பு என்றார். அந்தப் பயத்தில் தாமிரபரணியில் முழுகினார். முழுகி எழுந்த ஈரம் காய்வதற்குள் இன்னொரு சபைக்காரர் வந்து, எந்த நாமத்தில் முழுக்கினார்கள் என்று கேட்டார். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று நாமத்திலா, அப்படியானால் அது வெறும் குளியல், இயேசு என்ற ஒரே நாமத்தில்தான் முழுக வேண்டும். அடுத்த இடத்தில் தண்ணீர் போதாது என்றார்கள், ஆவி இறங்கி அந்நிய பாஷை வர வேண்டும். நாக்கைச் சுழற்றி ஏதேதோ சொல்லிப் பார்த்தார், வந்தது பாஷையா பயமா என்று கடைசிவரை தெரியவில்லை. மாதா கோயிலுக்குப் போகிற கொழுந்தியாள் தன் கோயிலுக்கு வெளியே இரட்சிப்பே இல்லை என்று எப்போதோ படித்ததைச் சொல்லி, பிறகு, பரவாயில்ல அத்தான் உங்களுக்காக வேண்டிக்கிடுதேன் என்றாள். ஒவ்வொரு கதவிலும் ஒரு ஆள் நின்றான், ஒவ்வொருவன் கையிலும் ஒரு சாவி, அடுத்தவன் சாவி போலி என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து. இதையெல்லாம் ஆழ்வார்திருநகரி பக்கம் பஸ் பஞ்சராகி நின்ற ஒரு மத்தியானம் குற்றாலிங்கத்திடம் சொன்னபோது அவன் ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டே சிரித்தான். "ஏன்வே, எந்த டிப்போ வண்டி அங்கன போவுதுன்னே உங்க ஆட்களுக்குள்ள முடிவாகல. இதுல என்னைய வேற ஏறச் சொல்லுதீரு. முதல்ல நீங்க பேசி ஒரு முடிவுக்கு வாங்க, பெறவு நான் துண்டு போட்டு இடம் பிடிக்கேன்." "நீரு கேலி பண்ணும். ஒருநாள் தெரியும்." "தெரியட்டும்வே. அன்னைக்கு நீரு படியில நின்னு விசில் அடிக்காமலா போயிருவீரு?" அப்படிச் சொன்னவன் நல்லவனும் இல்லை. குடித்தான், வாய் திறந்தால் கெட்ட வார்த்தை, கோமதியை ஒருதரம் அடித்ததில் கண் வீங்கிப்போய் அவள் தாய்வீட்டுக்குப் போயிருக்கிறாள். குரும்பூர் தாண்டி ஒரு ஆட்டின் மேல் ஏற்றிவிட்டு நிறுத்தாமல் வந்திருக்கிறான். நல்லவன் என்று சொல்லி யார் காலிலாவது விழுந்து அவனுக்கு இடம் கேட்க முடியாது. அவனுக்காக வாதாட இவரிடம் ஒன்றுமே இல்லை, அவன் இவருடைய டிரைவர் என்பதைத் தவிர.

தண்ணீர் ஆறிவிட்டது, பிளேடைக் கழுவியபோது நுரை கிண்ணத்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. மனைவி ரத்தினபாய் இருந்தால் சொல்லியிருப்பாள், ஆறின தண்ணியில சவரம் பண்ணினா எரியும் என்று. அவள் ஒரு தடவைக்கு மேல் நனைய மறுத்துவிட்டாள். "எனக்குப் பிறந்தப்பவே தலையில தண்ணி பட்டாச்சு. இனி குளிக்கணும்னா வீட்டுல கிணறு கிடக்கு" என்றாள். இவர் சபை சபையாக மாறியபோதெல்லாம் கூடவே வந்தாள், வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள், பாட்டு மட்டும் பாடினாள். கையை உயர்த்துங்கள் என்று மேடையிலிருந்து சொன்னால் முந்தானையைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்துகொள்வாள். வயிற்றில் புற்று வந்து படுத்தபோது இதே பாஸ்டர்தான், அப்போது சபைக்குப் புதிது, அவளைக் கையில் ஏந்தி ஆம்புலன்ஸ்வரை ஓடினார். கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவனாக இருந்தால் அவர் கேட்ட கேள்வியை எப்போதோ மறந்திருக்கலாம். கடைசி நாட்களில் ஒருநாள் காலையில், இவர் டியூட்டிக்குக் கிளம்பும் முன், பாஸ்டர் கட்டிலருகே முழங்கால் போட்டு, "சிஸ்டர், இயேசு உங்க பக்கத்துல நிக்கிறாரு. உங்களுக்குத் தெரியுதா? அவரை ஏத்துக்கிறேன்னு கையை மட்டும் உயர்த்துங்க" என்றார். பேசும் பெலன் அவளுக்கு இல்லை. கண் திறந்திருந்தது. பாஸ்டரைப் பார்த்தாள், பின்னால் நின்ற இவரைப் பார்த்தாள், பிறகு மெதுவாக முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவ்வளவுதான். அந்தத் திரும்புதலை இவர் எத்தனை வருஷமாகக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருக்கிறார். ஜன்னல் வெளிச்சம் கண்ணில் பட்டிருக்கும். வலது பக்கம் வலி கூடியிருக்கும். கூட வந்திருந்த எப்சிபாவின் தலைத்தைல வாடை ஒத்துக்கொள்ளாமல் இருந்திருக்கும், அவளுக்கு அப்போது எந்த வாடையும் குமட்டியது. இல்லை, மனதார வேண்டாம் என்றாள். இல்லை, கேட்ட பாஸ்டரை வேண்டாம் என்றாள், அவர் சொன்ன ஆண்டவரை அல்ல. இல்லை, இவரைத்தான் வேண்டாம் என்றாள். சாகக் கிடக்கிறவளிடமும் ஆள்களைக் கூட்டிவந்து கை தூக்கச் சொல்கிற புருஷனை. ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்ப்பார், எதுவும் பொருந்திவிடும், எதுவும் நிற்காது. ஒன்று மட்டும் முள்ளாகக் கிடந்தது. அதே நாள் சாயங்காலம் குற்றாலிங்கம் டியூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வந்து, "மதினி, உங்க வீட்டுக்காரரு இன்னைக்கு ஒரு பொம்பளைக்குச் செய்துங்கநல்லூருக்குப் பதிலா சீவைகுண்டம் டிக்கெட்டக் குடுத்துட்டு நல்லா ஏச்சு வாங்கினாரு" என்றான். அவள் முகம் சுவரிலிருந்து திரும்பியது. உதடு விரிந்தது. சிரித்தாள். முகத்தைத் திருப்ப அவளால் முடிந்தது என்பதுதான் அதற்கு அர்த்தம். டிரைவரின் கேலிக்குத் திரும்பிய முகம், காலையில் ஆண்டவர் பேருக்குத் திரும்பவில்லை.

சபையில் யாராவது இறந்தால் தெருமுனையில் ஒட்டுகிற நோட்டீஸுக்கு வாசகம் பாஸ்டர் எழுதிக் கொடுப்பார். கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்றுதான் எல்லோருக்கும் வரும். ரத்தினபாய்க்குக் காலமானார் என்று வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம், ஒரு வார்த்தை. துஷ்டி கேட்டுத் துக்கம் விசாரிக்க வந்த கூட்டத்தில் யாரும் அதைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை, பார்த்தவர்கள் பேசவில்லை. இவர் பார்த்தார். விளக்குக் கம்பத்தில் அவள் படம், கீழே அந்த வார்த்தை. பாஸ்டரிடம் போய் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் அவர் பொய் சொல்லமாட்டார், அந்தப் பயம்தான். அடக்கம் முடிந்த மறுநாள் குற்றாலிங்கம் வந்து, "ஏன்வே, உங்க ஆட்கள் எல்லாருக்கும் நித்திரைன்னுதான போடுதாங்க? மதினிக்கு மட்டும் என்ன இப்படிப் போட்டிருக்கு, கலெக்டர் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி?" என்று கேட்டான். அவன் இவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போனான். திரும்பி வந்தபோது அவன் நகக்கண்ணெல்லாம் பசை. "நல்லாக் காயாம இருந்துச்சு, உரிச்சுட்டேன்" என்றான். அதற்குப் பிறகு அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

கோமதி வெந்நீர்ச் செம்போடு வந்தாள். "ஆறிப்போயிருக்கும் அண்ணாச்சி, இதை ஊத்திக்கிடுங்க." கிண்ணத்தை எடுத்துப்போய் முற்றத்தில் கொட்டிவிட்டு வந்து, போகாமல் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அன்னைக்கு நீங்க கூட இருந்தீகல்லா?" "இருந்தேம்மா." "அவுக கேட்டதும் உடனே கையத் தூக்கினாகளா, இல்ல யோசிச்சுத் தூக்கினாகளா?" ஏசுவடியான் துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்தார். பிழிய வேண்டியதைவிட அதிக நேரம் பிழிந்தார். "கொஞ்ச நேரம் கழிச்சுத்தான்." "யோசிச்சிருக்காக" என்றாள் கோமதி. "எனக்கு அதுதான் அண்ணாச்சி மனசுக்குள்ள கிடந்து அரிக்கி. வருஷா வருஷம் என்கூடத்தான் தைப்பூசத்துக்கு வந்தாக. மொட்ட போட்டாக. இவ்வளவு காலமும் மனசுக்குள்ள வேற ஒண்ணு இருந்திருக்கு, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாருங்க. நான் என்ன வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?" "அப்படியெல்லாம் இல்லம்மா." "பெறவு எப்படி?" அவர் துண்டை மறுபடி வெந்நீரில் முக்கினார். "ஞானஸ்நானம் வாங்கினா எந்திரிச்சு நடப்பாகன்னு அந்த அம்மா சொல்லுதா. பையனும் போன்ல, அப்பாவுக்கு இஷ்டம்னா செய்யட்டும்ங்கான். நடந்தா எனக்கு எந்தச் சாமியா இருந்தா என்ன? ஆனா நாளைக்கே ஒண்ணு ஆயிட்டுன்னா யாரு வந்து எந்த முறையில காரியம் செய்யன்னு ஒண்ணும் புரியல." சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஏசுவடியான் துண்டால் கன்னத்தைத் துடைத்தார், காதோரம் துடைத்தார், மீசைக்கு மேல் துடைத்தார். துண்டு சூடாக இருந்தது. அவர் கை தானாக மேலே போய் நெற்றியையும் துடைத்தது. ஒரே இழுப்புத்தான். துண்டில் சாம்பல் நிறமாக ஒரு பட்டை விழுந்தது. மறுபடி உள்ளே வந்த கோமதி அந்த நெற்றியைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள். "வேர்வையில போயிட்டாக்கும்" என்றாள். "ஆமாம்மா" என்றார். அவள் வேறு பக்கம் திரும்பி, காய்ந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தாள், ஏற்கெனவே மடித்திருந்ததையும் உதறி மடித்தாள்.

இப்போது சொல்லிவிடலாம். மூத்திரத்துக்குத்தாம்மா தூக்கினான் என்று இரண்டே வார்த்தை. சொன்னால் என்ன ஆகும்? கோமதியின் அரிப்பு போகும். நாளைக்குத் தொட்டி இல்லை. எப்சிபா இவர் முகத்தில் விழிக்கமாட்டாள், பரவாயில்லை. சொல்லாவிட்டால் என்ன ஆகும்? அதைத்தான் அவர் வாரம் முழுக்க நாக்கில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தார், அதன் ருசி அவருக்குப் பிடித்திருந்தது. சொல்லாவிட்டால் குற்றாலிங்கம் இரட்சிக்கப்பட்டவன். எந்தக் கதவில் எந்தச் சாவி செல்லுமோ, ஒரு கதவாவது அவனுக்குத் திறந்திருக்கிறது. பாதி ஆயுசு இவர் ஜெபித்தது இதற்குத்தானே, இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் வேர்த்து ஒழுகுகிற அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டே, ஆண்டவரே இவனையும் என்று. தெரியாமல் தூக்கினால் என்ன, கைக்குழந்தைக்குத் தெரிந்தா தெளிக்கிறார்கள்? அங்கே போய் நின்றதும் மனது நின்றுவிடும். ஏனென்றால் மூத்திரம் முட்டி எழுந்த கை ஒருவனை உள்ளே சேர்க்கும் என்றால், வலியில் திரும்பிய முகம் ஒருத்தியை வெளியே தள்ளும். ஒன்று செல்லும் என்றால் மற்றதும் செல்லும். கதவில் நின்று குற்றாலிங்கத்தை உள்ளே விடுகிற அதே ஆள்தான் ரத்தினபாயை வெளியே நிறுத்தியவன். அவனிடம் இவர் இதற்குச் சரி சொல்லிவிட்டு அதற்கு இல்லை சொல்ல முடியாது. புழுக்கம் தாங்காதவள் அவள். சித்திரையில் அடுப்படியை விட்டு வந்து முந்தானையால் விசிறிக்கொண்டு, என்னங்க இது, தீயில நிக்கிற மாதிரி இருக்கு என்பாள். அந்த வார்த்தை இவருக்கு இப்போதெல்லாம் தூக்கத்தில் கேட்கிறது. அவள் சொன்ன குரலிலேயே, கோபமில்லாமல். பரலோகத்தில் இவர் வெள்ளை உடுப்போடு நிற்கிறார், பக்கத்தில் குற்றாலிங்கம் ஏதோ கேலி சொல்கிறான், அந்தக் கேலிக்குத் திரும்ப வேண்டிய முகம் அங்கே இல்லை. அந்த இடத்துக்குப் பரலோகம் என்று பேர் வைத்தவன் யார்? அப்படியென்றால் பாஸ்டருக்குத் தெரியாத ஒரு கணக்கு ஆண்டவரிடம் இருக்க வேண்டும். கையையும் முகத்தையும் பார்க்காத கணக்கு. சபைப் பேரைக் கேட்காத கணக்கு. இருக்க வேண்டும் என்று இவர் நினைத்தார், இருக்கிறது என்று நினைக்கத் துணியவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம், வயது ஏற ஏற அது அகன்றுகொண்டே போயிற்று. தானாக ஒரு கடவுளைச் செய்துகொண்டு மனைவியை அதற்குள் ஒளித்துவைக்கிற கிழவன், அவ்வளவுதானோ என்றும் தோன்றும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

பாஸ்டரோடு எப்சிபாவும், சாட்சிக்கென்று சபை மூப்பர்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். அறையில் காற்றே இல்லாமல் போயிற்று. "ஐயா மாப்பிள்ளை மாதிரி இருக்காங்களே" என்று எப்சிபா சிரித்தாள், நெற்றியைப் பார்த்து இன்னும் நன்றாகச் சிரித்தாள். கோமதி கதவுப் பக்கம் சுவரோடு சுவராக நின்றாள். ஒரு பாட்டு, ஒரு ஜெபம். சிலுவையில் தொங்கியபடி கடைசி மூச்சில் கேட்ட கள்ளனையும் ஆண்டவர் தள்ளவில்லை என்று பாஸ்டர் அந்த நல்ல குரலில் சொன்னார். பிறகு கட்டிலருகே முழங்கால் போட்டுக் குனிந்தார். "ஐயா, போன வாரம் சொன்னதை இன்னைக்கு இவங்க எல்லாரும் பார்க்கச் சொல்லுங்க. இயேசுவை ஏத்துக்கிறீங்களா? கையை உயர்த்துங்க." கை எழவில்லை. போர்வைமேல் கவிழ்ந்து கிடந்தது, நகம் வெட்ட வேண்டிய கை. பாஸ்டர் இன்னொரு தடவை கேட்டார். குற்றாலிங்கத்தின் கண் ஃபேனிலிருந்து இறங்கி ஒவ்வொரு முகமாக நகர்ந்து ஏசுவடியானிடம் வந்து நின்றது. என்ன சொல்கிறான்? கண்ணாடியில் ஏறி இறங்குகிற கண், பாதி செத்த முகத்தில் நின்றுகொண்டு என்னவோ சொல்கிறது, அல்லது ஒன்றுமே சொல்லவில்லை. "பெலன் இல்ல பாவம்" என்றாள் எப்சிபா. "அங்கிள், நீங்க கொஞ்சம் தாங்கிக் குடுங்களேன். உங்களைப் பார்த்ததும் தூக்குவாங்க." எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். ஏசுவடியான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். சூடான கை. ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து உள்ளங்கையில் விழுந்த காய்ப்பு இன்னும் கரையவில்லை. தூக்குவது ஒன்றும் பெரிய வேலை இல்லை, ஒரு செம்பு கனம்கூட இராது. தூக்கினால் எல்லாம் முடிந்துவிடும், அவன் உள்ளே, அவள் வெளியே, கதவு சாத்தியாகிவிடும். அப்போது அந்தக் கை அசைந்தது. விரல்கள் முதலில், பிறகு மணிக்கட்டு, பிறகு முழுக் கையும், கீழிருந்து மேலே, இவர் உள்ளங்கையை முட்டிக்கொண்டு எழப் பார்த்தது. இவர் அழுத்தினார். யோசித்து அழுத்தவில்லை. பஸ் திடீரென்று நின்றால் கம்பியைப் பிடிப்பதுபோலக் கை தானாக அழுத்தியது, மெத்தையோடு சேர்த்து, முழுப் பலத்தோடு. மேலேயிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு கிழவன் இன்னொரு கிழவன் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதாகத்தான் தெரிந்திருக்கும். "கேக்குதா ஐயா? ஏத்துக்கிறீங்களா?" என்று பாஸ்டர் கடைசித் தடவையாகக் கேட்டார். கீழே அந்தக் கை மறுபடி முட்டியது. கடைசிச் சொட்டு பலத்தையும் கூட்டி முட்டியது. இவர் விடவில்லை. பிறகு அது தளர்ந்தது.

எப்சிபா விசும்பிக்கொண்டே ஜெபித்தாள். மூப்பர்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். பாஸ்டர் எழுந்து முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டு, "சத்துரு, அந்தச் சாத்தான், இடையில பூந்துட்டான் பிரதர்" என்றார், கோபமாக இல்லை, துக்கமாகவே சொன்னார். "இன்னொரு நாள் கிடைக்குமோ என்னவோ. நாம ஜெபிப்போம்." போய்விட்டார்கள். கோமதி கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அவள் முகம் பல நாளைக்குப் பிறகு தெளிந்திருந்தது. "அப்ப அவுகளுக்கு அதுல இஷ்டம் இல்ல, அப்படித்தான அண்ணாச்சி? இருந்தா இவ்வளவு பேரு கேட்டும் தூக்காம இருப்பாகளா? அன்னைக்கு வேற எதுக்கோ தூக்கியிருப்பாக." ஏசுவடியான் தலையை ஆட்டினார், ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். "இப்ப மூத்திரம் வந்திருக்கும்மா, நீ உள்ள போ" என்றார்.

மூத்திரம்தான். வேறென்ன. முன்னே பின்னே வேறு எதற்கு அந்தக் கை எழுந்தது? அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து பாட்டிலை எடுத்தார், போர்வையை விலக்கினார். விரிப்பைத் தொட்டுப் பார்த்தார், காய்ந்திருந்தது. பரவாயில்லை, அடக்கிக்கொண்டிருந்திருப்பான். பாட்டிலைச் சரியாக வைத்துப் பிடித்துக்கொண்டு, "விடும் டிரைவரே, போயிட்டாங்க எல்லாரும்" என்றார். காத்திருந்தார். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அடிவயிற்றை மெல்ல நீவிவிட்டார், ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி. வயிறு மெத்தென்று இருந்தது, எதுவும் நிறைந்திருக்கவில்லை. இன்னும் காத்திருந்தார். பாட்டிலில் ஒரு சொட்டு இல்லை. அதை வெளியே எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அப்படியானால் எதற்கு எழுந்தாய்? அடேய், எதற்கு எழுந்தாய்? ரத்தினபாய்க்காக இத்தனை வருஷமும் அவர் ஆண்டவரிடம் கேட்டது ஒரு ஆசை. நீர் இவர்கள் சொல்கிற மாதிரி இருக்காதிரும் என்று. இப்போது அது ஆசையாக இல்லை. இவர்கள் சொல்கிற மாதிரிதான் அவர் இருக்கிறார் என்றால், வாசல்வரை வந்த ஒருவனை இந்தக் கையால், இந்த உள்ளங்கையால், ஏசுவடியான் தள்ளி வெளியே நிறுத்தியிருக்கிறார். ஆண்டவரே என்று ஆரம்பித்தார், அதற்குமேல் எந்தச் சபையில் கற்ற வார்த்தையும் வரவில்லை. குற்றாலிங்கம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டே இருக்கும்போது அந்த இடது கை மறுபடி மெத்தையை விட்டு எழுந்தது. "தண்ணியா?" என்றார். கண் அசையவில்லை. "கோமதியக் கூப்பிடவா? ஏதும் வலிக்கா?" கை ஆடிக்கொண்டே மேலே போயிற்று. அதற்குமேல் என்ன கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை. பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையை அவன் முழங்கைக்கு அடியில் முட்டாகக் கொடுத்தார். அது அலுத்துக் கீழே விழுந்துவிடாமல் அப்படியே தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.